கேள்வியையே கல்வியாக்கிய சாக்ரடீஸ்

ஒரு சமுதாயம் கல்வியில் எவ்வளவு முன்னேறியுள்ளது என்பதை அறிய விரும்புவோர், அங்கே எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர் என்று கணக்கெடுப்பது வழக்கம். அக்கணக்கு வேண்டியதே. ஆயினும் அதனினும் நுட்பமான அளவுகோல் ஒன்று உண்டு. அப்பள்ளிகளில் வினா எழுப்பும் உரிமை யாருக்கு இருக்கிறது, ஆசிரியரின் வினா யாரை நோக்கி வருகிறது என்பதே அது. நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகப் பள்ளியின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். வாயில் திறந்த பின்னரும் நம் பிள்ளைகளுள் பலர் கடைசி வரிசையில் அமர்ந்து, எவராலும் எதுவும் கேட்கப்படாமலேயே ஆண்டுகளைக் கழித்துத் திரும்பினர். கேட்கப்படாத பிள்ளை, சிந்திக்கத் தகாத பிள்ளை என்று சொல்லாமற் சொல்லப்பட்ட பிள்ளையாவான்.

ஆகவே, நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில், வினாவையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒரு பேரறிஞரின் வாழ்வை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது பொருத்தம் எனக் கருதுகின்றோம். அவர் கிரேக்க நாட்டுச் சாக்ரடீஸ். தமிழ் மக்களுக்கு அவர் புதியவர் அல்லர். பகுத்தறிவு மேடைகளில் அவர் பெயர் ஒலிக்காத நாள் குறைவு. 1956இல் வெளிவந்த ராஜா ராணி திரைப்படத்தில் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய சாக்ரடீஸ் நாடகத்தைச் சிவாஜி கணேசன் நடித்துக் காட்டியதை நம் மூத்தோர் இன்றும் நினைவு கூர்வர். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அறிந்தது அவர் அருந்திய நஞ்சுக் கிண்ணத்தை மட்டுமே. அந்தக் கிண்ணம் அவர் கைக்கு வருமுன் அவர் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் பல்லாண்டுகள் செய்த பணி யாது, அப்பணியிலிருந்து நம் ஆசிரியரும் மாணவரும் கற்க வேண்டியது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கல்தச்சர் மகன்

சாக்ரடீஸ் ஏறத்தாழ கி.மு. 469இல் ஏதென்ஸில் பிறந்தார். தந்தை சோப்ரோனிஸ்கஸ் கல்வேலை செய்தவர் என்றும், தாய் பைனரெட்டி மகப்பேறு பார்க்கும் மருத்துவச்சி என்றும் கூறப்படுகிறது. அவர் அழகர் அல்லர். சப்பை மூக்கும் பிதுங்கிய கண்களும் உடையவர். கோடையிலும் குளிரிலும் ஒரே மேலாடை. காலில் பெரும்பாலும் செருப்பு இல்லை. மனைவி சாந்திப்பி. மக்கள் மூவர். தம் நகருக்காகப் பொட்டிடேயா, டெலியம், ஆம்பிபோலிஸ் ஆகிய போர்க்களங்களில் காலாட்படை வீரராக நின்றவர்.

அக்காலத்து ஏதென்ஸில் சொல்வன்மையைக் கற்பித்துப் பெரும் பொருள் ஈட்டிய ஆசிரியர் பலர் இருந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அவர்களிடம் பயில முடியும். சாக்ரடீசோ எவரிடமும் கட்டணம் பெற்றிலர். தமக்கெனப் பள்ளி ஒன்றும் அமைத்திலர். சந்தைவெளியிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பட்டறைகளிலும் எதிர்ப்பட்டவரோடு பேசினார். நூல் ஒன்றும் எழுதினாரில்லை. அவரைப் பற்றி நாம் அறிவன எல்லாம் அவர் மாணவர்களான பிளேட்டோ, செனபோன் முதலியோர் எழுதி வைத்தனவே. அரிஸ்டோபனீஸ் என்னும் நாடக ஆசிரியர் கி.மு. 423இல் மேகங்கள் என்ற நாடகத்தில் அவரை எள்ளி நகையாடியதும் ஒரு சான்று. இவற்றுள் எது அவர் பேசியது, எது எழுதியவர் சேர்த்தது என்று பிரித்தறிவது அரிது. எனினும் எல்லாச் சான்றுகளும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. அவர் விடை சொல்லித் தருபவராக அல்லாமல் வினாத் தொடுப்பவராகவே வாழ்ந்தார்.

தம் தொழிலுக்கு அவர் காட்டிய உவமை நம் கருத்திற்குரியது. தம் தாயின் தொழிலையே தாமும் செய்வதாக அவர் கூறியதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். மருத்துவச்சி குழந்தையைக் கொண்டுவந்து தருவதில்லை. தாயின் வயிற்றில் உள்ள குழந்தை நலமாக வெளிவர உதவுகிறாள். அதுபோல ஆசிரியன் அறிவைக் கொண்டுவந்து திணிப்பதில்லை. மாணவன் உள்ளத்தில் கருக்கொண்ட எண்ணம் வெளிவர உதவி, அது உயிருள்ளதா என ஆராய்ந்தும் பார்க்கிறான். மகப்பேற்றுப் பணி செய்த பெண்களைத் தீட்டுக்குரியவர் என ஒதுக்கிய நாடு நம் நாடு. அத்தொழிலைப் பெருமையோடு தமக்குரிய அடையாளமாக ஏற்றவரை உலகம் அறிவின் தந்தை எனப் போற்றுகிறது என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்வாராக.

தோல் தொழிலாளி கடையில்

வினாவை எங்கிருந்து தொடங்குவது? இதற்குச் சாக்ரடீஸ் கண்ட விடை எளிது. கேட்கப்படுபவன் நன்கு அறிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆதலால் அவர் பேச்சில் செருப்புத் தைப்பவரும் தச்சரும் கொல்லரும் தோல் பதனிடுவோரும் பொதி சுமக்கும் கழுதைகளும் இடையறாது வந்தனர். நல்லாட்சி என்றால் என்ன என்று பேச வந்தவரிடம், நல்ல செருப்பைத் தைக்கத் தெரிந்தவன் யார், அவன் அதை எப்படிக் கற்றான் என்று தொடங்குவார். உயர்குடியினர்க்கு இது சலிப்பைத் தந்தது. ஏதென்ஸ் பெரும் போரில் தோற்ற பின் கி.மு. 404இல் முப்பதின்மர் கொடுங்கோலாட்சி ஏற்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவனான கிரிட்டியஸ், சாக்ரடீசை அழைத்து, இளைஞரோடு பேசுவதை நிறுத்துமாறும், செருப்புத் தைப்போர், தச்சர், கொல்லர் பற்றிய பேச்சை விட்டுவிடுமாறும் கட்டளையிட்டான் என்று செனபோன் எழுதுகிறார். உழைப்பவனின் அறிவு ஓர் அறிவே என்று காட்டும் வினா, ஆள்வோரை அச்சுறுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சைமன் என்றொரு செருப்புத் தைப்பவர் இருந்தார். சாக்ரடீஸ் அவர் கடைக்கு வந்து உரையாடுவார் என்றும், நினைவில் நின்றவற்றைச் சைமன் எழுதி வைத்தார் என்றும், அவ்வாறு எழுந்த உரையாடல்கள் 33 என்றும் டயோஜனிஸ் லேர்ட்டியஸ் என்னும் பிற்கால வரலாற்றாசிரியர் குறிக்கிறார். சாக்ரடீசின் உரையாடல்களை முதன்முதல் எழுதியவர் அவரே என்று சிலர் கருதியதாகவும் சொல்கிறார். ஏதென்ஸின் பெருந்தலைவரான பெரிக்ளிஸ் தம்மிடம் வந்து சேர்ந்தால் ஆதரிப்பதாக அழைத்தபோது, தம் பேச்சுரிமையை விற்க இயலாது எனச் சைமன் மறுத்தார் என்பதும் அவர் தரும் செய்தி. அந்நூல்கள் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓரத்தில் அகழாய்வு செய்தோர், செருப்புக்கான ஆணிகளும் எலும்பு வளையங்களும் சிதறிக் கிடந்த ஒரு வீட்டையும், அதன் அருகில் சைமனுடையது என்று பொறிக்கப்பட்ட ஒரு கிண்ணத்தின் அடிப்பகுதியையும் கண்டெடுத்தனர். அது அந்தச் சைமனின் கடையாகவே இருக்கலாம் என அறிஞர் பலர் கருதுகின்றனர். தோலைத் தொட்ட கை எழுதுகோலைத் தொடலாகாது என்று விதித்த நாட்டில் பிறந்த நமக்கு, அந்த ஆணிகளும் அந்தக் கிண்ணமும் பொன்னினும் அரிய பொருள்கள்.

வினாவின் படிகள்

சாக்ரடீசின் வினாக்கள் மனம்போன போக்கில் எழுந்தவை அல்ல. அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. லேக்கஸ் என்னும் படைத்தலைவரோடு அவர் நிகழ்த்திய உரையாடல் ஒன்றைப் பார்ப்போம். வீரம் என்றால் என்ன என்பது வினா. அணியை விட்டு ஓடாமல் நின்று போரிடுவதே வீரம் என்கிறார் லேக்கஸ். சாக்ரடீஸ் அதைத் தவறென்று தள்ளவில்லை. அவ்வாறு நிற்பவனும் வீரனே என ஒப்புக்கொள்கிறார். பிறகு, பின்வாங்கிக்கொண்டே தாக்கும் சித்தியக் குதிரை வீரர்களை என்னென்பது என்று கேட்கிறார். கடலில் இடரைத் தாங்குபவனும், நோயையும் வறுமையையும் அஞ்சாது எதிர்கொள்பவனும் வீரர் இல்லையா என வினவுகிறார். இவை அனைத்திலும் பொதுவாக நிற்பது எது என்பது அடுத்த வினா. மனவுறுதி என்கிறார் லேக்கஸ். அறிவின்றிப் பிடிவாதமாக நிற்பதும் வீரமாகுமா என்பது அதற்கடுத்த வினா.

இதில் நான்கு படிகள் உள்ளன. கேட்கப்படுபவன் தன் அனுபவத்திலிருந்து தன் சொல்லால் விடை கூறுமாறு கேட்பது முதற்படி. அவ்விடைக்கு அடங்காத எடுத்துக்காட்டுகளை முன்வைப்பது இரண்டாம் படி. பலவற்றுக்கும் பொதுவானதைத் தேடச் செய்வது மூன்றாம் படி. கிடைத்த பொதுமையையும் மீண்டும் சோதிப்பது நான்காம் படி. வீரம் என்ற சொல்லின் பொருளை எழுது என்று கேட்கும் வினாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, வாய்க்கால் நீருக்கும் ஊற்று நீருக்கும் உள்ள வேறுபாடே ஆகும்.

அடிமைச் சிறுவனும் சதுரமும்

இனி நாம் கூறப்போவது, சாக்ரடீசின் வரலாற்றில் நம் மக்கள் தனியே நின்று எண்ண வேண்டிய பகுதியாகும்.

தெசலி நாட்டுச் செல்வ இளைஞனான மெனோ, ஏவலர் பலர் சூழ ஏதென்ஸுக்கு வந்தான். நற்பண்பைக் கற்பிக்க இயலுமா என்று சாக்ரடீசிடம் வினவினான். பேச்சு வளர்ந்து, ஒருவன் தான் அறியாததை எவ்வாறு தேடிக் கண்டுகொள்ள முடியும் என்ற இடத்தில் வந்து நின்றது. அதை விளக்கச் சாக்ரடீஸ், மெனோவின் ஏவலருள் ஒருவனை அழைக்குமாறு சொன்னார். வந்தவன் ஓர் அடிமைச் சிறுவன். மெனோவின் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். கிரேக்க மொழி பேசுவான். வடிவக் கணக்கை எவரும் அவனுக்குக் கற்பித்ததில்லை. சாக்ரடீஸ் மண்ணில் ஒரு சதுரம் வரைந்தார்.

அச்சதுரத்தின் பக்கம் 2 அடி. ஆகவே பரப்பு 4 சதுர அடி என்பதை வினாக்களாலேயே சிறுவன் கண்டுகொண்டான். இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள, அதாவது 8 சதுர அடியுள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு இருக்கும் என்பது அடுத்த வினா. இருமடங்கு பக்கம், அதாவது 4 அடி என்றான் சிறுவன். நம் வகுப்புகளில் இவ்விடத்தில் பிரம்பு எழும். அல்லது ஆசிரியர் முகம் வேறு பிள்ளையின் பக்கம் திரும்பும். சாக்ரடீஸ் இரண்டும் செய்யவில்லை. சிறுவன் சொன்னபடியே 4 அடிப் பக்கமுள்ள சதுரத்தை வரைந்தார். அதில் முதற்சதுரம் எத்தனை அடங்குகிறது என்று கேட்டார். நான்கு அடங்கியது. பரப்பு 16. வேண்டியதோ 8. தன் விடை தவறென்பதைச் சிறுவன் தன் கண்ணாலேயே கண்டான். அப்படியானால் பக்கம் 2 அடிக்கு மேலும் 4 அடிக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். 3 அடி என்றான். அதையும் வரைந்து பார்த்தனர். பரப்பு 9 ஆயிற்று. அதுவும் இல்லை. இப்போது சிறுவன் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

அந்த நேரத்தில் சாக்ரடீஸ் மெனோவின் பக்கம் திரும்பிச் சொன்ன கருத்து, ஆசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதி வைக்கத் தக்கது. முன்பு இச்சிறுவன் அறியாமலே அறிந்ததாக எண்ணினான். இப்போது அறியாததை அறியவில்லை என்று உணர்கிறான். ஆகவே அவன் முன்னிலும் மேலான இடத்தில் நிற்கிறான். இனி அவனே தேட விரும்புவான் என்பது அக்கருத்து. திகைப்பு தோல்வியன்று, கல்வி தொடங்கும் இடம் அதுவே.

அதன்பின் 4 சதுரங்கள் சேர்ந்த பெரிய வடிவில், ஒவ்வொரு சிறு சதுரத்தையும் மூலைக்கு மூலை கோடிட்டுப் பாதியாக வெட்டிக் காட்டினார். நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று தோன்றியது. அதனுள் எத்தனை பாதிகள் உள்ளன என்று வினவினார். நான்கு. ஒரு பாதியின் பரப்பு 2. ஆகவே 8. மூலைவிட்டத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரமே இருமடங்கு பரப்புடையது என்பதைச் சிறுவன் தன் வாயாலேயே கூறினான்.

உரையாடலில் நாம் ஏற்பதும் ஏற்காததும்

பெரியோர் சொன்னதை எல்லாம் அப்படியே ஏற்பது சாக்ரடீசின் வழியன்று. ஆதலால் அவரையும் நாம் ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

முதலாவது, அந்த மூலைவிட்டத்தை வரைந்தவர் சாக்ரடீசே. இறுதிப் பகுதியில் சிறுவன் பெரும்பாலும் ஆம் என்றும் இல்லை என்றுமே விடை தந்தான். விடையை உள்ளே ஒளித்துவைத்துக் கேட்கப்படும் வினா, வினாவின் உடை அணிந்த விரிவுரையே என்று அறிஞர் பலர் குறை கூறியுள்ளனர். அக்குறையில் உண்மை உண்டு. சிறுவனின் சொந்தச் சிந்தனை மிக ஒளிர்ந்த இடம், அவன் இருமுறை தவறிய இடமே.

இரண்டாவது, சிறுவனின் உயிர் முற்பிறவிகளில் அறிந்ததை இப்போது நினைவு கூர்ந்தது என்பது அங்கே சொல்லப்படும் விளக்கம். முற்பிறவிக் கொள்கையின் பெயரால் இழிவை நம் தலையில் ஏற்றிய நாட்டில் வாழும் நமக்கு அவ்விளக்கம் வேண்டியதில்லை. சிறுவனிடம் இருந்தது முற்பிறவி நினைவன்று. எல்லா மாந்தர்க்கும் பொதுவான பகுத்தறிவு. விளக்கத்தை விட்டுவிட்டு வினாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது குறையே நம் உள்ளத்தை வருத்துவது. அந்த உரையாடலில் சிறுவனுக்குப் பெயர் இல்லை. அவன் அறிவு தன் எசமானன் அறிவுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது மண்ணில் வரைந்து மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பித்த பின் என்ன நிகழ்ந்தது? பெரியோர் இருவரும் தம் பேச்சைத் தொடர்ந்தனர். சிறுவனின் விடுதலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் அடிமையாக வந்தான், அடிமையாகவே திரும்பினான். பெண்களும் அடிமைகளும் குடியுரிமை இன்றி வாழ்ந்த ஏதென்ஸில் அது எவர்க்கும் உறுத்தவில்லை. வினா அவன் அறிவைக் கண்டது. அவன் தளையை அறுக்கவில்லை.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றை இங்கு ஒப்பிடலாம். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் பயின்றபோது, கணக்கு ஒன்றைப் போடுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தம் உணவுப் பெட்டிகள் தீட்டுப்பட்டுவிடும் என்று சாதி இந்து மாணவர் பாய்ந்து சென்று அவற்றை அகற்றினர். இந்நிகழ்ச்சி அண்ணலின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியுள்ளது. ஏதென்ஸின் அடிமைச் சிறுவன் வரைபடத்தின் அருகே வந்தபோது எவரும் விலகவில்லை. நம் அண்ணல் கரும்பலகையை நெருங்கியபோது சோற்றுப் பெட்டிகள் விலகின. வினாவை எதிர்கொள்ள ஒரு பிள்ளை எழுந்து நிற்பதே சில இடங்களில் போராட்டமாகும் என்பதை இது காட்டுகிறது.

விடுதலை பெற்ற மாணவர்

ஆயினும் சாக்ரடீசின் வாழ்வில் இன்னோர் இளைஞரும் உண்டு. எலிஸ் நகரத்து நற்குடியில் பிறந்த பீடோ, போரில் சிறைப்பட்டு ஏதென்ஸில் அடிமையாக விற்கப்பட்டு, இழிவான வாழ்வுக்குத் தள்ளப்பட்டார். அவர் சாக்ரடீசின் உரையாடல்களில் வந்து கலந்துகொண்டார். அவர் அறிவைக் கண்ட சாக்ரடீஸ், செல்வரான தம் நண்பர்களைக் கொண்டு விலை கொடுத்து அவரை மீட்கச் செய்தார் என்று டயோஜனிஸ் லேர்ட்டியஸ் கூறுகிறார். பின்னர் பீடோ தம் ஊரில் ஒரு தத்துவப் பள்ளியையே நிறுவினார். சாக்ரடீசின் இறுதி நாளைக் கூறும் பிளேட்டோவின் நூல் பீடோவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பெயரற்ற சிறுவனுக்கும் பெயர் நிலைத்த பீடோவுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை. ஒருவருக்கு வினா மட்டும் கிடைத்தது. மற்றவருக்கு வினாவோடு மீட்புப் பணமும் கிடைத்தது. கல்விக் கழகம் ஒன்று எதற்காக வேண்டும் என்று நம் இளைஞர் கேட்பாராயின், இந்த இருவரையும் காட்டுவோம். வகுப்பறையில் வினா வேண்டும். வகுப்பறைக்கு வெளியே கட்டணமும் விடுதியும் நூலும் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். முன்னது இல்லையேல் பட்டம் பெற்ற அடிமைகளே உருவாவர். பின்னது இல்லையேல் அறிவு விழித்த பின்னும் விலங்கு கழலாது.

வழக்கும் முடிவும்

மெனோவோடு நிகழ்ந்த அதே உரையாடலில் அனிடஸ் என்னும் அரசியல் தலைவனும் வந்து அமர்கிறான். தோல் பதனிடும் தொழிலால் செல்வம் சேர்த்த குடும்பத்தவன். ஏதென்ஸின் பெருந்தலைவர்கள் தம் மக்களுக்கு நற்பண்பைக் கற்பிக்க முடிந்ததா என்று சாக்ரடீஸ் வினவ, அவன் சினங்கொண்டு, எச்சரிக்கையாக இருக்குமாறு சொல்லிப் பேச்சை முறித்துக்கொள்கிறான். உழைக்கும் தொழிலில் வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்தவரும் அதிகாரம் எய்தியபின் வினாவை வெறுக்கக்கூடும் என்பதும் நாம் மறக்கலாகாத பாடம்.

சாக்ரடீஸ் எந்த ஆட்சிக்கும் தலைவணங்கினாரில்லை. கி.மு. 406இல் கடற்போர்த் தளபதிகளை ஒருங்கே குற்றவாளிகளாக்க மக்கள் மன்றம் முனைந்தபோது, அது சட்டத்திற்கு மாறானது என்று எதிர்த்து நின்றார். லியோன் என்பவரைக் கொலைக்காகப் பிடித்து வருமாறு முப்பதின்மர் ஆணையிட்டபோது, ஆணையை மதியாமல் வீடு திரும்பினார். கி.மு. 399இல் மெலிட்டஸ், அனிடஸ், லைகோன் ஆகிய மூவர் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். நகரத்துத் தெய்வங்களை ஏற்காமல் புதியவற்றைப் புகுத்துகிறார், இளைஞரைக் கெடுக்கிறார் என்பன குற்றச்சாட்டுகள். ஏறத்தாழ 500 நடுவர் அமர்ந்தனர். 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருப்பார் என்பது பிளேட்டோ தரும் செய்தி.

வழக்கு மன்றத்திலும் அவர் வினாவையே கையாண்டார். இளைஞரை ஒருவரே கெடுக்கிறார், மற்ற ஏதென்ஸ் மக்கள் அனைவரும் திருத்துகின்றனர் என்று மெலிட்டஸ் சொல்ல, குதிரைகளைப் பழக்குவதில் அப்படியா நடக்கிறது, ஒரு சிலரே பழக்க வல்லவராகவும் பலர் கெடுப்பவராகவும் இருப்பதன்றோ வழக்கம் என்று கேட்டு மடக்கினார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. திருவிழாக் கப்பல் டெலோஸ் தீவிலிருந்து திரும்பும்வரை எவரையும் கொல்லலாகாது என்ற வழக்கத்தால் ஏறத்தாழ ஒரு திங்கள் சிறையில் இருந்தார். நண்பர் கிரிட்டோ தப்பிச் செல்ல வழி செய்தும் மறுத்தார். தம் 70ஆம் வயதில், இறுதி நாள்வரை நண்பர்களுடன் வினாவும் விடையுமாகவே பேசியிருந்து, நஞ்சை அருந்தி மறைந்தார்.

நம் வகுப்புகளில்

இனி நமக்குரிய பணியைப் பார்ப்போம். நம் கழகத்தில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள் வினாவை ஆயத்தம் செய்துகொண்டே வகுப்புக்குச் செல்ல வேண்டும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம்.

மகாத் போராட்டம் நடந்த ஆண்டு எது என்று கேட்டால், 1927 என்று ஒரு பிள்ளை சொல்லும், வகுப்பு முடிந்துவிடும். அதற்கு மாறாக, உண்மைகளை முதலில் எடுத்துச் சொல்லலாம். பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டத்தகாதவர் எனப்பட்டோர்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாத் நகராட்சி 1924இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். இவற்றைச் சொல்லிவிட்டு, தீர்மானம் எழுதப்பட்ட பின்னும் 3 ஆண்டுகள் நம் மக்கள் ஏன் அந்நீரைத் தொடவில்லை என்று கேட்க வேண்டும். அச்சத்தால் என்று ஒரு பிள்ளை சொல்லும். அச்சம் 1927இல் எங்கே போயிற்று என்பது அடுத்த வினா. தலைவர் வந்தார் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். தலைவர் மட்டும் தனியே சென்றிருந்தால் போதுமா என்பது அதற்கடுத்தது. எழுதப்பட்ட உரிமைக்கும் எடுத்துக்கொண்ட உரிமைக்கும் என்ன வேறுபாடு என்பது இறுதி வினா. இவ்வினாக்களுக்கு ஏட்டில் விடை இல்லை. பிள்ளைகளின் வீட்டிலும் தெருவிலும் விடை இருக்கிறது.

இதில் ஒரு வரம்பையும் உணர வேண்டும். 1923 என்ற ஆண்டையும் நகராட்சியின் தீர்மானத்தையும் எந்தப் பிள்ளையும் தானே சிந்தித்துக் கண்டுபிடிக்க இயலாது. அவற்றை ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும். செய்தியைச் சொல்லிக் கொடுப்பதும், அச்செய்தியின் பொருளைக் கேட்டுப் பெறுவதும் வேறுவேறு பணிகள். இரண்டையும் குழப்புகிறவர் பிள்ளைகளை வீணே அலைக்கழிப்பார்.

வினாவைத் தொடுத்த பின் காத்திருத்தலும் ஆசிரியர் கடமையே. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் வினாவுக்குப் பின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தனர் எனக் காட்டினார். 3 வினாடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது விடைகள் நீண்டன. பேசாதிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். அவ்வாய்வில் நம் கருத்தைக் கவரும் செய்தி மற்றொன்று. வல்லவர் என ஆசிரியர் மதித்த பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 2 வினாடிகள் கிடைத்தன. மெலியவர் என மதித்த பிள்ளைகளுக்கு ஒரு வினாடியும் முழுதாகக் கிடைக்கவில்லை. பாகுபாடு எவ்வளவு சிறிய இடத்தில் ஒளிந்திருக்கிறது, பாருங்கள்! நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டவற்றுள் அந்த ஒரு வினாடியும் அடங்கும். அதைத் திருப்பித் தருவதற்குச் செல்வம் வேண்டியதில்லை, மனம் போதும்.

தவறான விடை வந்தால் அதைச் சாக்ரடீஸ் செய்ததுபோல மண்ணில் வரைந்து பாருங்கள். அது எங்கே கொண்டு சேர்க்கிறது என்று பிள்ளையே காணட்டும். சிரிப்பவரை அடக்குங்கள். தெரியவில்லை என்று சொல்லும் துணிவைப் பாராட்டுங்கள். எல்லோரையும் கேளுங்கள், பெண்பிள்ளைகளையும் கடைசி வரிசையில் உள்ளவர்களையும் முதலில் கேளுங்கள். பிள்ளைகள் உங்களையே வினவும்போது முகம் சுளிக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூறுவோம். தமிழில் கேள்வி என்ற சொல் வினவுதலையும் குறிக்கும், செவிகொடுத்தலையும் குறிக்கும். வள்ளுவர் 42ஆம் அதிகாரத்திற்கு இட்ட பெயரும் கேள்வியே. வினவத் தெரிந்தவன் செவிகொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நம் மொழி ஒரே சொல்லில் வைத்துள்ளது. கூச்சத்தால் வாய் திறவாமல் அமர்ந்திருப்பது அடக்கம் ஆகாது. அது நம்மீது சுமத்தப்பட்ட பழைய வழக்கம். சைமன் தம் கடையில் தோலையும் வைத்திருந்தார், ஏட்டையும் வைத்திருந்தார். உங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றி, உங்கள் தெருவைப் பற்றி, உங்கள் பாடநூலில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பற்றி நாள்தோறும் ஒரு வினாவையேனும் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.

மெனோவின் வீட்டுச் சிறுவனின் பெயரை எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. நம் வகுப்புகளில் ஆசிரியர் தொடுக்கும் முதல் வினா, பிள்ளையின் பெயரைக் கேட்பதாக இருக்கட்டும். அடுத்த வினா, அப்பிள்ளை என்ன எண்ணுகிறது என்பதாக இருக்கட்டும். விடை வரும்வரை நாம் காத்திருப்போம்.